அன்று கோடு தேடினோம், இன்று முகம் தேடுகிறோம்

2025 மார்ச் கடைசி வாரத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் முகங்கள் மாறத் தொடங்கின. அந்த மாதம் 25ஆம் தேதி ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடிக்குள் படம் வரையும் புதிய வசதியைத் திறந்துவிட்டது. ஒரு போட்டோவைக் கொடுத்து, ஜப்பானின் ஸ்டூடியோ ஜிப்லி படங்களின் சாயலில் வரைந்து தா என்று கேட்டால் சற்று நேரத்தில் வந்துவிடும். கல்யாணப் படம், காதுகுத்துப் படம், குலதெய்வக் கோயில் வாசலில் குடும்பமாக நின்று எடுத்த படம், எல்லாம் கார்ட்டூன் ஆயின. எங்கள் குடும்பக் குழுவில் சித்தி தன் பேரனோடு நின்ற படத்தை மாற்றிப் போட்டிருந்தார். கணினி என்றாலே தள்ளி நிற்கிறவர் அவர்.

எனக்கு அதைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. போட்டோவைக் கணினியிடம் கொடுத்துக் கார்ட்டூனாக வாங்க வேண்டும் என்பது கல்லூரிக் காலத்தில் எனக்கிருந்த பெரிய ஆசை. அன்று அதற்காக ஆய்வகத்தில் கிடையாகக் கிடந்தோம். இன்று அந்த ஆசை ஊருக்கே நிறைவேறிவிட்டது. அது நிறைவேறிய விதம் பற்றி எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அதைக் கணினியிலிருந்து தொடங்க முடியாது. மாமாவின் பென்சிலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அம்மாவின் தம்பியான என் மாமா, கும்பகோணத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் டச்சிங் வேலை பார்த்தார். இருட்டறைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு சின்ன மேசை. சாய்வான பலகை, நடுவில் பால் கண்ணாடி, அதற்குப் பின்னால் விளக்கு. நெகட்டிவைக் கண்ணாடி மேல் வைத்து, கூராகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போவார். வழவழப்பான நெகட்டிவில் பென்சில் பிடிக்காது; அதற்கென்று ஒரு திரவத்தை முதலில் லேசாகப் பூசிக் காயவிடுவார்.

நெகட்டிவில் கருப்பும் வெள்ளையும் இடம் மாறியிருக்கும். முகத்தில் கருத்திருக்கும் இடம் அங்கே தெளிவாக, ஒளி ஊடுருவும்படி இருக்கும். அந்த இடத்தில் பென்சில் கரி ஏறினால் பிரிண்ட் போடும்போது தாளில் வெளிச்சம் குறைவாக விழும். அந்த இடம் வெளுக்கும். ஆகவே டச்சிங் பென்சிலுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: வெளுக்க வைப்பது. கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையம், நெற்றிச் சுருக்கம், கன்னத்துத் தழும்பு எல்லாம் அந்தப் பென்சிலில் மறையும். ஒரு இடத்தைக் கருக்க வேண்டுமென்றால் நெகட்டிவைக் கத்தியால் மெல்லச் சுரண்ட வேண்டும். முகத்தைக் கருப்பாக்கித் தரச் சொல்லி யாரும் அந்த ஸ்டூடியோவுக்கு வந்ததில்லை.

வந்தவர்களில் பாதிப் பேர் வரன் பார்க்க அனுப்பும் படத்துக்காக வந்தவர்கள். பெண்ணின் அப்பா ஒன்று சொல்வார், அத்தை ஒன்று சொல்வார். மாமா இருவரையும் விட்டுவிட்டுப் பெண்ணைப் பார்த்துக் கேட்பார்: "தழும்ப எடுத்துடவாம்மா, இருக்கட்டுமா?" சொன்னபடி செய்வார். அம்மாவுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு இடது கன்னத்தில் தழும்புகள் உண்டு. அவருடைய கல்யாணத்துக்கு முன்பு மாமா அக்காவிடமும் அதையே கேட்டிருக்கிறார். "இருந்துட்டுப் போவட்டும்டா. நேர்ல பாக்குறவங்களுக்குத் தெரியத்தானே போவுது" என்றாராம் அம்மா. அந்தப் படம் தழும்போடுதான் போனது. அப்பா அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னார்.

வேலை இல்லாத மத்தியானங்களில் மாமா எனக்குக் கோட்டோவியம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். வாராவாரம் வந்த தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைப்பது அன்று எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' இருந்தது. படங்கள் கோபுலு வரைந்தவை. 1924இல் தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணத்து ஓவியப் பள்ளியில் படித்தவர் அவர் என்பதில் மாமாவுக்குத் தனிப் பெருமை. நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னத்துக்கு ஒரு வளைவு, தவில்காரரின் தோளுக்கு ஒரு வளைவு. மாமா விரலை வைத்துக் காட்டுவார். "போட்ட கோட்டப் பாக்காதடா. போடாம விட்ட எடத்தப் பாரு" என்பார். ஒரு முகத்தில் இருக்கிற ஆயிரம் விவரங்களில் எதை விடலாம், எதை விட்டால் அந்த ஆளே இல்லாமல் போவார் என்பது தெரிந்தவர்தான் ஓவியர் என்பது எனக்கு அங்கே பதிந்தது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பொறியியல் படித்தவர்களுக்கு டர்போ சியின் நீலத் திரை மறக்காது. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போன நிரலை ஆய்வகத்தில் தட்டச்சு செய்வோம். கிராஃபிக்ஸ் நிரல் என்றால் முதலில் திரையை வரைபட நிலைக்கு மாற்ற வேண்டும். குறுக்கே 640 புள்ளி, நெடுக்கே 480 புள்ளி, மொத்தம் 16 நிறங்கள். 0 கருப்பு, 15 வெள்ளை, நடுவில் நீலம், பச்சை, சிவப்பு, அவற்றின் வெளிர் வகைகள். மனிதத் தோலுக்கு அருகில் வரக்கூடிய நிறம் அந்தப் பட்டியலில் ஒன்றுதான்: 6ஆம் எண், பிரவுன்.

அந்தத் திரையில் ஒரு போட்டோவைக் கோட்டோவியமாக வர வைக்க வேண்டும் என்று நானும் இரண்டு நண்பர்களும் தீர்மானித்தோம். மூவருக்கும் பாடம் ஒரே புத்தகம், கொன்சாலெஸும் வுட்ஸும் எழுதிய டிஜிட்டல் பட ஆய்வு நூல். நூலகத்துப் பிரதியிலிருந்து ஜெராக்ஸ் எடுத்த பக்கங்களைப் பங்கு போட்டுக்கொண்டோம்.

முதல் தடை நினைவகம். டாஸ் காலத்து நிரலில் ஓர் அணி 64 கேபி என்ற எல்லையைத் தொடக்கூடாது. பக்கத்துக்கு 256 புள்ளி என்று ஒரு சதுரப் படத்தை எடுத்தால் 65,536 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பைட் என்றாலும் சரியாக 64 கேபி. கம்பைலர் அணி பெரிதென்று சொல்லி நின்றுவிடும். அதனால் படத்தை 200க்கு 200 ஆகச் சுருக்கினோம். அடுத்தது கோப்பு. பிஎம்பி கோப்பில் முதல் 54 பைட் தலைப்பு. அதற்குப் பிறகு வருவது படத்தின் கடைசி வரிசை. அங்கிருந்து மேலே ஏறிக்கொண்டு போகும். ஒவ்வொரு வரிசையின் நீளமும் நான்கின் மடங்காக நிரப்பப்பட்டிருக்கும். இந்த மூன்றும் தெரிந்தால்தான் முகம் நேராக நிற்கும்.

அப்புறம் கோடு. போட்டோவில் கோடு என்று எதுவும் கிடையாது. வெளிச்சம் கூடுகிற, குறைகிற புள்ளிகள் மட்டும்தான் உண்டு. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே வெளிச்சம் சட்டென்று மாறும் இடத்தை நம் கண் கோடாக எடுத்துக்கொள்கிறது. அந்த இடத்தைக் கணினிக்குக் காட்ட, 1968இல் ஸ்டான்ஃபோர்டில் இர்வின் சோபல் முன்வைத்த முறை புத்தகத்தில் இருந்தது. ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள எட்டுப் புள்ளிகளை எடுத்துக்கொள். வலப்பக்கத்து மூன்றைக் கூட்டி இடப்பக்கத்து மூன்றைக் கழி. நடு வரிசைக்கு இரட்டை மதிப்பு. மேலும் கீழும் அப்படியே செய். வரும் எண் பெரிதாக இருந்தால் அங்கே ஓர் எல்லை இருக்கிறது. எவ்வளவு பெரிதாக இருந்தால் கோடு போடுவது என்பதை மட்டும் நாம் சொல்ல வேண்டும்.

ஆய்வகத்தில் இருந்த மாதிரிப் படம் உலகமெங்கும் இருந்த அதே படம்தான். தொப்பி அணிந்து தோளைத் திருப்பிப் பார்க்கும் லீனா. 1972 நவம்பர் மாதத்து பிளேபாய் இதழின் பக்கத்திலிருந்து, அடுத்த வருடம் தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஸ்கேன் செய்து 512க்கு 512 ஆக வெட்டிய படம் அது. பட ஆய்வுத் துறை பல பத்தாண்டுகள் அந்த ஒரு முகத்தின் மேல் தன் அளவுகளைச் சரிபார்த்துக்கொண்டது. ஐஇஇஇ கணினிச் சங்கம் அந்தப் படம் உள்ள கட்டுரைகளை ஏற்பதில்லை என்று முடிவெடுத்தது 2024 ஏப்ரலில்தான். எங்கள் நிரலுக்கு லீனா அருமையாக வந்தாள். தொப்பியின் வளைவு, தோள், மூக்கு எல்லாம் வரிசை வரிசையாகத் திரையில் மேலிருந்து கீழே இறங்கின.

பிறகு அம்மாவின் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது மாமா எடுத்தது, டச்சிங் செய்யாதது. டிடிபி சென்டரில் ஸ்கேன் செய்து ஃப்ளாப்பியில் வாங்கிய படம். அதே நிரல், அதே அளவு. கூறைநாட்டுச் சேலையின் கட்டங்கள் முழுதாக வந்தன. திண்ணைத் தூணின் விளிம்பு வந்தது. முகம் இருந்த இடம் வெறும் வெள்ளையாக நின்றது. அம்மாவின் கருத்த முகத்தில், திண்ணை நிழலில், மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே இருந்த வெளிச்ச வித்தியாசம் சிறியது. ஸ்டூடியோ விளக்கில் வெளுத்த ஒரு முகத்துக்குப் பொருந்திய அளவு அந்தச் சின்ன வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அளவைக் குறைத்தால் சுவரின் காரைப் பொருக்கெல்லாம் கோடாகிப் படம் முழுக்க இறைந்தது.

வழி அதே புத்தகத்தில் இருந்தது. படம் முழுவதற்கும் ஒரே அளவை வைக்காதே. ஒவ்வொரு புள்ளியையும் அதைச் சுற்றியுள்ள சிறு சதுரத்தின் சராசரியோடு ஒப்பிடு. தன் அக்கம்பக்கத்தைவிடக் குறிப்பிட்ட அளவு கருத்திருந்தால் கோடு; இல்லையென்றால் வெள்ளை. நிழலில் இருப்பதை நிழலோடும் வெயிலில் இருப்பதை வெயிலோடும் ஒப்பிடும் இந்த முறைக்கு முகத்தின் நிறம் ஒரு பொருட்டே இல்லை. கருத்த முகத்திலும் மூக்கின் பக்கவாட்டு, இமை, உதட்டின் நடுக்கோடு எல்லாம் தம் அக்கம்பக்கத்தைவிடக் கருத்துத்தான் இருக்கும். திரையில் அம்மா வந்தார். மூக்குத்தியின் விளிம்பு ஒரு சின்ன வளையமாக வந்தது. இடது கன்னத்தில் தழும்புகள் புள்ளிகளாக வந்தன.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் எடுத்த அந்தத் தாளைக் கும்பகோணத்துக்குக் கொண்டுபோய் மாமாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "தழும்பு இருக்கே. உன் கம்ப்யூட்டர் கேட்டுச்சா?" என்றார். தழும்பு தெரிவதும் மறைவதும் நிரலில் நான் வைக்கும் ஓர் எண்ணில் இருக்கிறது, அந்த எண்ணைத் தெரிந்துதான் வைத்தேன் என்றேன். "அப்ப சரி" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது.

கோடு கிடைத்தும் கார்ட்டூன் முழுமையாகவில்லை. கார்ட்டூனில் கோட்டுக்கு நடுவே நிறம் தட்டையாக, சீராக இருக்க வேண்டும். போட்டோவில் கன்னம் ஒன்றே நூறு சாயலில் இருக்கும். அக்கம்பக்கத்துப் புள்ளிகளைச் சராசரியாக்கினால் சாயல்கள் ஒன்றாகும், ஆனால் விளிம்பும் சேர்ந்து கரையும். கன்னம் தலைமுடிக்குள் வழிந்துவிடும். அந்த இடத்தில் எங்கள் வேலை நின்றது. படிப்பு முடிந்தது, மூவரும் மூன்று ஊருக்குப் போனோம்.

எங்களைத் தடுத்து நிறுத்திய அந்த முடிச்சுக்கு விடை, 1998 ஜனவரியில் மும்பையில் வாசிக்கப்பட்டது. கணினிப் பார்வைக்கான உலக மாநாடு அந்த வருடம் அங்கே நடந்தது. ஸ்டான்ஃபோர்டின் கார்லோ தோமாசியும் ஆப்பிள் நிறுவனத்தின் ராபர்ட்டோ மந்தூச்சியும் இருபக்க வடிகட்டி என்ற முறையைக் கட்டுரையாக முன்வைத்தார்கள். சென்னையிலிருந்து ரயிலேறினால் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் கடக்கும் தொலைவில் அது நடந்திருக்கிறது. மாவட்டத்துக் கல்லூரி ஆய்வகத்தில் இருந்த எங்களுக்கு அப்படி ஒரு மாநாடு இருப்பதே தெரியாது. பல வருடங்களுக்குப் பிறகு அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தில் பம்பாய் என்ற ஊர்ப்பெயரைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அதன் யோசனை எளிமையானது. ஒரு புள்ளியைச் சராசரியாக்கும்போது இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். பக்கத்துப் புள்ளி இடத்தால் நெருக்கமா? நிறத்தாலும் நெருக்கமா? இரண்டுக்கும் ஆம் என்றால் கலந்துகொள். இடத்தால் நெருங்கி, நிறத்தால் விலகியிருந்தால் தள்ளி வை. கோலத்தில் வண்ணப் பொடி தூவுகிறவர் இழையைத் தாண்டாமல் உள்ளே மட்டும் நிரப்புவதுபோல, கன்னம் கன்னத்துக்குள்ளேயே நிரவிக்கொள்ளும். முடியோரத்தில் விளிம்பு அப்படியே நிற்கும்.

அதன் பிறகு இந்தத் துறை வேகமாக நடந்தது. அதற்கு வெகு காலம் முன்பு, 1917இல் மாக்ஸ் ஃப்ளைஷர் காப்புரிமை பெற்ற ரோட்டோஸ்கோப் கருவியில் ஓவியர் திரைப்படச் சட்டகத்தின் மேல் கையால் கோடு இழுத்தார். 2001இல் ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் 'வேக்கிங் லைஃப்' படத்தில் ஓவியர்கள் கணினியில் சில சட்டகங்களை வரைய, நடுவில் உள்ளவற்றை பாப் சாபிஸ்டனின் மென்பொருள் நிரப்பியது. 2006இல் ஹோல்கர் வின்னமோலரும் அவர் கூட்டாளிகளும் ஓடுகிற வீடியோவையே அந்தக் கணத்தில் கார்ட்டூனாக்கிக் காட்டினார்கள். அதன் உயிர்நாடியும் இருபக்க வடிகட்டியின் யோசனைதான். அதே வருடம் ஓப்பன்சிவி என்ற இலவச நிரல் தொகுப்பின் 1.0 பதிப்பு வந்தது. நாங்கள் மல்லுக்கட்டிய ஒவ்வொன்றும் அதில் ஒரு வரியாயிற்று.

அந்த ஒரு வரியின் அருமையை எனக்குக் காட்டியவள் என் அக்கா மகள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். போன கோடையில் அம்மாவின் அதே திண்ணைப் படத்தைத் தன் மடிக்கணினியில் கார்ட்டூனாக்கிக்கொண்டிருந்தாள். பைத்தானில் பத்துப் பதினைந்து வரி. படத்தைப் படி, கருப்பு வெள்ளையாக்கு, மீடியன் பிளர் போடு, அடாப்டிவ் திரெஷோல்டில் கோட்டை எடு, மூலப் படத்துக்கு பைலேட்டரல் ஃபில்டர் போடு, இரண்டையும் பிட்வைஸ் அண்டால் சேர். வேலை முடிந்தது.

ஒவ்வோர் இடத்திலும் 9 என்ற எண் இருந்தது. ஏன் ஒன்பது என்று கேட்டேன்.

"எல்லாரும் அதான் மாமா போடறாங்க."

"பத்துப் போட்டுப் பாரேன்."

போட்டாள். நிரல் நின்றுவிட்டது. சதுரத்துக்கு நடுப்புள்ளி வேண்டும், அதனால் ஒற்றைப்படை எண்தான் செல்லும் என்பதை அவளே கண்டுபிடித்தாள். அப்புறம் அவளை விடவில்லை. எண்களை ஏற்றி இறக்க ஓப்பன்சிவியில் ஒரு இழுபட்டை வைக்கலாம். வைத்தோம்.

மீடியன் பிளர் என்பது ஒரு புள்ளியையும் அக்கம்பக்கத்தையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ளும். தனியாகத் துருத்தி நிற்கும் சின்னப் புள்ளிகள் அதில் காணாமல் போகும். 3 என்று வைத்தபோது அம்மாவின் கன்னத்தில் தழும்புகள் இருந்தன. 5இல் மங்கின. 7இல் போய்விட்டன. அவள் இழுபட்டையை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருந்தாள். திரெஷோல்டின் சதுரத்தை மாற்றியபோது மூக்குத்தி வந்தது, போனது. பைலேட்டரல் ஃபில்டரில் நிற நெருக்கத்துக்கான எண் 10க்குக் கீழே இருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, 150ஐத் தாண்டினால் படம் கார்ட்டூன் மாதிரி ஆகிவிடும் என்று ஓப்பன்சிவியின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. அதையும் ஏற்றி இறக்கினாள்.

கடைசியாக நிறங்களைக் குறைத்தோம். படத்தில் உள்ள ஆயிரக்கணக்கான நிறங்களை விரல்விட்டு எண்ணும் கூட்டங்களாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒரு நிறம் கொடுக்கும் முறை கே-மீன்ஸ். பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் லாயிட் 1957இல் எழுதி, 1982இல்தான் அச்சில் வந்த கணக்கு. நான்கு கூட்டம் என்றபோது அம்மாவின் முகமும் தலைமுடியின் ஓரமும் ஒரே நிறத்தில் ஒட்டிக்கொண்டன. எட்டு என்றபோது முகம் பிரிந்து தனியே நின்றது. நெற்றிக்கு ஒரு சாயல், கன்னத்துக்கு ஒரு சாயல், அம்மாவின் நிறமாகவே.

"தழும்பு இருக்கட்டும் மாமா. 3லயே வச்சிடறேன்" என்றாள். அவள் என் மாமாவைப் பார்த்ததில்லை. அவர் பெண்களிடம் கேட்ட கேள்வியை இந்த நிரல் அவளிடம் கேட்டது. அவள் பதில் சொன்னாள். அந்தப் பத்து வரியில் இருக்கும் ஒவ்வோர் எண்ணும் ஒரு கேள்வி. எதை விடலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று முகத்துக்கு உரியவரின் வீட்டாரை உட்கார வைத்துக் கேட்கிறது.

பிறகு அதே படத்தைக் கைப்பேசியில் இருந்த ஒரு செயலியில் கொடுத்தாள். வந்த படம் அழகாக இருந்தது, மறுக்க மாட்டேன். திண்ணைக்குப் பின்னால் ஒரு மரம் முளைத்து இலைகளில் வெயில் பட்டது. ஆனால் முகம் பல படி வெளுத்திருந்தது. மூக்கு ஒடுங்கிவிட்டது. கண்கள் பெரிதாகிவிட்டன. மூக்குத்தி இல்லை, தழும்பு இல்லை. கூறைநாட்டுக் கட்டங்கள் பூக்களாகியிருந்தன.

"இது அம்மாச்சி இல்ல மாமா. யாரோ ஒருத்தங்க அம்மாச்சி எடத்துல ஒக்காந்திருக்காங்க" என்றாள்.

அவள் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பழைய நிரலும் அவளுடைய பைத்தான் நிரலும் போட்டோவில் இருப்பதைக் குறைக்க மட்டுமே தெரிந்தவை. இல்லாத ஒன்றை அவற்றால் கொண்டுவர முடியாது. புதிய முறை குறைப்பதில்லை. போட்டோவைப் பார்த்துவிட்டுப் புதிதாக வரைகிறது. தான் முன்பு பார்த்த படங்களிலிருந்து கற்றதை வைத்து வரைகிறது. 2015இல் ஜெர்மனியின் டூபிங்கனில் லியோன் கேட்டிஸும் உடன் இருந்தவர்களும் ஓர் ஓவியத்தின் நடையை எடுத்து ஒரு போட்டோவுக்குப் போர்த்தினார்கள். 2018இல் வந்த கார்ட்டூன்கேன் என்ற முறை, ஒரு பக்கம் போட்டோக்களையும் மறுபக்கம் மியாசாகி, ஷின்காய் போன்ற ஜப்பானிய இயக்குநர்களின் படச் சட்டகங்களையும் வைத்துப் பழகியது. அதில் ஒரு வலைப்பின்னல் வரையும், இன்னொன்று அது உண்மையான கார்ட்டூன் போல இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்லும். தீர்ப்புச் சொல்லும் பகுதிக்குத் தெரிந்த முகங்கள் அந்தப் படங்களில் இருந்த முகங்கள். மூக்குத்தி போட்ட கருத்த முகம் அவற்றில் எத்தனை இருந்திருக்கும்?

இன்று கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் பெரிய கருவிகள் எந்தெந்தப் படங்களைப் பார்த்துப் பழகின என்ற முழுப் பட்டியலை அவற்றின் நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. அந்தப் படங்களுக்குப் பின்னால் இருக்கும் கைகளையும் நாம் நினைக்க வேண்டும். ஜிப்லியின் 2013ஆம் வருடத்துப் படமான 'தி விண்ட் ரைசஸ்'-இல் மக்கள் கூட்டம் நகரும் ஒரு காட்சி 4 விநாடிதான். அதை எய்ஜி யமமோரி என்ற ஓவியர் 1 வருடம் 3 மாதம் உட்கார்ந்து வரைந்தார். கூட்டத்தில் ஒவ்வொருவரும் தனி ஆளாக அசைய வேண்டும் என்பதற்காகப் பட்ட பாடு அது. அப்படி வரைந்தவர்களின் நடையை ஒரு சொல்லில் கேட்டு வாங்குகிறோம். அவர்களிடமும் யாரும் கேட்கவில்லை.

காலம் ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது. மாமாவின் பென்சிலுக்கு முகத்தை வெளுக்க மட்டும்தான் தெரியும். ஆனால் பென்சில் பிடித்தவர் கேட்டுவிட்டுத்தான் தொட்டார். எங்கள் நிரலுக்குப் பதினாறு நிறம்தான் தெரியும். ஆனால் அதில் ஒவ்வொன்றையும் நாங்கள்தான் தீர்மானித்தோம். இன்றைய கருவிக்குக் கோடி நிறம் தெரியும், எல்லா நடையும் தெரியும். அது பழைய ஸ்டூடியோ வேலையைத்தான் செய்கிறது, முகத்தை வெளுக்கிறது, தழும்பை எடுக்கிறது. கேட்பதை மட்டும் விட்டுவிட்டது.

அதனால் இந்தக் கருவிகளைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சித்திக்குப் பேரனோடு நிற்கும் படம் தந்த மகிழ்ச்சி உண்மையானது. கணினி படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அந்தப் பத்து வரி நிரலை ஒரு தடவையாவது அவர்கள் கையால் எழுத வையுங்கள். அதற்கு மாதிரிப் படம் வேண்டாம், பாட்டியின் படத்தைக் கொடுங்கள். எண்களை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு முகத்திலிருந்து எது போகிறது, எது நிற்கிறது என்று பார்த்துப் பழகிய கண்ணை எந்தச் செயலியும் ஏமாற்ற முடியாது.

கேட்டு வாங்கும் கார்ட்டூனை மூலப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம் மாறியிருந்தால், மூக்குத்தி போயிருந்தால், திரும்பக் கேளுங்கள். வரவில்லையென்றால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். கல்யாணப் பத்திரிகைக்கும் புத்தக அட்டைக்கும் படம் வேண்டுமென்றால் நம் ஊரில் இன்னும் வரைகிறவர்கள் இருக்கிறார்கள். கூலி கொடுத்து அவர்களிடம் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மூலப் போட்டோவை அழிக்காமல் வையுங்கள். கார்ட்டூனை எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். தழும்போடு இருக்கும் முகம் அந்த ஒரு படத்தில்தான் இருக்கிறது.